நீலத்துக்கு ஏழு மூடி கறுப்பு

வெள்ளை அடித்தவன் சாயங்காலமே கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நீலம் அடித்தவன் மறுநாள் காலை வெயில் சன்னலுக்குள் வரும்போது அந்த வீட்டில் நின்றாக வேண்டும்.

ஏனென்றால் நீலம் காய்வதற்குள் மூன்று முறை முகம் மாறும். ஈரத்தில் ஒரு முகம், பாதி காய்ந்ததும் ஒரு முகம், முழுக்கக் காய்ந்ததும் இன்னொன்று. சுவரில் நீலம் அடித்தவர்களுக்கும், அடிக்கச் சொல்லிவிட்டு நடுவீட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கலங்கி நின்றவர்களுக்கும் இது தெரியும். நான் சொல்வது ஆகாய நீலம் அல்ல. மை நீலமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில், மைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிற நீலம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு சுவரை மட்டும் ‘ஹைலைட்’ என்று அடிக்கச் சொல்கிறீர்களே, அந்த நீலம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருச்செங்கோட்டுப் பக்கம் முப்பத்தாறு வருஷமாகப் பெயிண்ட் வேலை. எனக்குப் பேச வராது, எண்ண வரும். இதுவரை அடித்த நீலச் சுவர் இருநூற்றுப் பத்தொன்பது. கடையில் டப்பாவில் வருகிற நீலத்தை அப்படியே அடித்தால் கண் கூசும். கறுப்புச் சாயத்தைச் சின்ன பாட்டிலில் விற்பார்கள். அந்த பாட்டிலின் மூடியாலேயே அளந்து ஊற்றி நீலத்தை அடக்க வேண்டும். நாலு லிட்டர் டப்பாவுக்கு ஏழு மூடி. ஆறு ஊற்றினால் நீலம் துள்ளும். எட்டு ஊற்றினால் செத்துப்போகும். இப்போது கடைகளில் கம்ப்யூட்டர் மெஷின் கலக்குகிறது. நான் கண்ணை நம்பிக் கலக்கினேன். என்னைத் தேடி ஆள் வந்ததே அந்தக் கண்ணுக்காகத்தான். அந்தக் கண்ணை விட்டு நீலம் எப்படிப் போனது, போனதால் என்ன ஆனது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ரிக் வண்டிக்காரர் வீடு

முதலில் கண் நன்றாக இருந்தபோது நடந்தது. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் லாரி இரண்டு வைத்திருந்த ஒருவர் புது வீடு கட்டினார். ஹாலில் ஒரு சுவருக்கு நீலம். இரண்டாவது கோட் முடிந்த சாயங்காலம் வந்து பார்த்தவர், “நான் கேட்டது இது இல்லீங்க, பால் ஊத்துன மாரி வெளுத்துக் கெடக்குது” என்று சத்தம் போட்டார். ஈரத்தில் அப்படித்தான் இருக்கும், நாளைக்குப் பாருங்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார், சுவர் எங்கேயாவது ஓடிப்போய்விடும் என்பதுபோல.

மறுநாள் காலை ஏழரைக்குப் போனேன். வெயில் சுவரில் விழுந்திருந்தது. நீலம் இறங்கி, அடங்கி, நான் சொன்ன இடத்தில் வந்து நின்றிருந்தது. அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க மேஸ்திரி, நாங்க ஆயிரம் அடி எறங்குனாலும் தண்ணி வருமா வராதான்னு சொல்ல முடியறதில்லீங்க. நீங்க செவுத்தப் பாத்தே நாளைக்கு என்ன கலருன்னு சொல்லிப்போட்டீங்களே!”

நூல் கண்டு

அதற்குப் பல வருஷம் கழித்து, ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீடு. அந்த வீட்டு அம்மா பெயர் சரஸ்வதி. சேலைக்கு வாங்கியிருந்த நூலில் ஒரு நீலக் கண்டை என் கையில் கொடுத்து, “இதே கலர்தானுங்க வேணும்” என்றார். நான் வழக்கம்போல ஏழு மூடி ஊற்றிச் சுவரில் ஒரு சாண் அடித்துப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. இன்னொரு டப்பாவை உடைத்து ஐந்து மூடியோடு நிறுத்தினேன். கண்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், பொருந்தியது. கம்பெனிக்காரன் நீலத்தையே மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று ராஜாமணியிடம் சொன்னேன். ராஜாமணி எனக்குப் பட்டி பார்க்கிறவன், அடிப்பதற்கு முன்னால் சுவரின் மேடு பள்ளத்தை நிரவுகிறவன். பத்தொன்பது வருஷக் கூட்டாளி, என் வயதுதான். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பட்டித் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

சுவர் காய்ந்த பிறகு சரஸ்வதி அம்மா கண்டை எடுத்துவந்து சுவரில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வீட்டுக்காரர் “அதேதான் புள்ள, விடு” என்றார். நான் டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்று சொன்னேன். அந்த அம்மா மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

“உங்க நீலம் வெயில்ல நிக்குதுங்க மேஸ்திரி. நான் கேட்டது நெழல்ல நிக்கற நீலம்.”

வாழப்பாடி வாத்தியார்

வாழப்பாடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், படிக்கிற அறைக்கு அமைதியான நீலம் வேண்டும் என்று கேட்டார். அப்போது நான் நாலு மூடிக்கு வந்திருந்தேன். சுவர் அமைதியாகத்தான் இருந்தது, என் கண்ணுக்கு. வாத்தியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், உள்ளே வரவில்லை. யாரையும் புண்படுத்தாமல் பேசுகிற மனிதர், அதனால் வார்த்தையைத் தேடிக்கொண்டே நின்றார். அவர் மனைவிக்கு அந்தச் சிரமம் இல்லை.

“என்னங்க இது, வீட்டுக்குள்ள டவுன் பஸ் வந்து நிக்கிற மாதிரி இருக்கு!”

நாலு, அஞ்சு, ஆறு, ஏழு

கறுப்பு பாட்டில் ஒன்றில் இருபது மூடி இருக்கும். அளந்து பார்த்திருக்கிறேன். ராசிபுரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது காலையில் புது பாட்டிலைத் திறந்து மூன்று மூடி ஊற்றினேன். ஆமாம், அப்போது மூன்றுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பாட்டிலைத் தூக்கினால் கனம் குறைவு. மீதியை ஒரு கிண்ணத்தில் மூடி மூடியாக ஊற்றி எண்ணினேன். பதின்மூன்று. பதினேழு இருக்க வேண்டும். அடுத்த நாளும் அதே மாதிரி நாலு மூடி குறைந்தது. ராஜாமணியைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. நாலு மூடி கறுப்பை எடுத்துப்போய் ஒரு மனிதன் என்ன செய்வான், மீசைக்கா பூசுவான்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தான், சந்தேகத்தை மூன்று நாள் வாயிலேயே வைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தேன். ராஜாமணி என் வாளி முன்னால் குந்தியிருந்தான். இடது கையில் பாட்டில், வலது கையில் மூடி. ஊற்றி ஊற்றி எண்ணிக்கொண்டிருந்தான். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. “நாலு, அஞ்சு, ஆறு, ஏழு” என்று எண்ணினான். நான் விட்ட இடத்திலிருந்து.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். “ஒரு வருசமா நாந்தான் ஊத்தறேன் மாப்ள. நீ ஊத்தறது மூணு, செவுத்துல நிக்கறது ஏழு. தறிக்காரம்மா சொன்னாங்க, வாத்தியார் ஊட்ல சொன்னாங்க, உனக்கு வெளங்கல. கண்ணு போயிட்டிருக்குது. நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கு வேல வராதுன்னுதான் சொல்லாம ஊத்துனேன்” என்றான். நான் ஒரு வருஷமாக மறுநாள் காலையில் சுவரைப் பார்த்து மனசுக்குள் மெச்சிக்கொண்டது அத்தனையும் அவன் கணக்கு. எனக்குக் காது சுட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொன்னேன். பத்தொன்பது வருஷமாக என்னை மாப்ள என்றும் டேய் என்றும் கூப்பிட்டவன், பட்டித் தகடு இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு சொன்னான்:

“சரிங்க மேஸ்திரி. நான் வரலீங்க.”

கோபாலின் அறை

ராஜாமணி இல்லாமல் நான் எடுத்த முதல் வேலை மல்லசமுத்திரத்துப் பக்கம், தோட்டத்து வீடு ஒன்றில். நல்லசாமி, பழனியம்மாள் என்று கணவன் மனைவி இரண்டே பேர். அவர்கள் மகன் கோபால் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். அங்கேயே வேலையில் இறந்துபோனான். இருபத்து நாலு வயது. ஒரு வருஷம் ஆகியிருந்தது. போவதற்கு முந்தின தையில் தன் அறைக்கு அவனே நீலம் தேர்ந்தெடுத்து, கூடவே நின்று அடிக்க வைத்திருக்கிறான். ஒரு சுவருக்கு அல்ல, நாலு சுவருக்கும். அறை இருண்டுபோகும் என்று பெயிண்டர் சொல்லியும் கேட்கவில்லையாம்.

மழையில் மேற்குச் சுவரில் மட்டும் தண்ணீர் இறங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொக்கையாகிப் பெயர்ந்து விழுந்துவிட்டது. புதிதாகப் பூசி ஒரு மாதம் காயவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நல்லசாமி வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: “மத்த மூணு செவுத்துலயும் கை வெக்கக் கூடாதுங்க. அது அவன் நின்னு அடிக்க வெச்சது. இது ஒண்ணு மட்டும் அதே மாரி வேணும்.” நீலம் அடித்தவர்களுக்குத் தெரியும், இதைவிடக் கடினமான வேலை கிடையாது. அடித்து நாளான நீலத்தோடு புது நீலத்தைச் சேர்ப்பது ஏழு மூடியோடு முடிகிற காரியம் அல்ல. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ராஜாமணி சொன்னது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சன்னல் ஓரத்தில் பெயர்ந்து கிடந்த பழைய நீலத்தில் ஒரு சில்லு எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கலந்தேன். ஒரு மூடியிலேயே பொருந்திவிட்டது. பிரைமர் ஒன்று, நீலம் மூன்று கோட். பட்டியும் நானே பார்த்தேன். ஐந்து நாள்.

ஆறாம் நாள் காலை வெயில் வந்தபோது பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்கிற மூலையில் விரலை வைத்துப் பார்த்தேன். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பொருத்தம் எனக்கு விழுந்ததே இல்லை. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். இருவரையும் கூப்பிட்டு, அந்த மூலையைத் தொட்டுக் காட்டினேன். நல்லசாமி சுவரைப் பார்த்தார், பிறகு மனைவி முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“நல்லா இருக்குதுங்க சாமி. சித்த உக்காருங்க, காப்பி வெக்கறேன்.”

இரண்டு அட்டைகள்

அடுத்த வாரம் சேலத்தில் நான் எப்போதும் வாங்குகிற பெயிண்ட் கடைக்குப் போனேன். முதலாளி ரஹீம் பாய். அலமாரியிலிருந்து நானே நீலச் சாய பாட்டில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். பாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “கத்திரிப்பூக் கலர் யாருக்குண்ணே?” என்றார். நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. மேஜைக்கு உள்ளேயிருந்து இரண்டு கலர் அட்டைகளை எடுத்து என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இதுல எது அதிக நீலம்?” என்றார். நான் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். “ரெண்டும் ஒண்ணுதானே பாய்” என்றேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். பாய் உடனே அட்டைகளைக் கவிழ்த்துவிட்டு, அவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். கடை காலியாகும் வரைக்கும் வந்தவர்களைக் கவனித்தார்.

எனக்கு அப்போது கோபாலின் அறை மூலைதான் ஞாபகம் வந்தது. என் விரலுக்கு இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று நினைத்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அண்ணே, மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க. பெயிண்ட் எங்கயும் போவாது, நான் எடுத்து வெச்சிருக்கேன்.”

ராஜாமணியின் லுங்கி

இரண்டு கண்ணிலும் புரை. நாமக்கல்லில் ஒரு கண் முகாமில் பார்த்துவிட்டு, வலது கண்ணில் முதலில் ஆபரேஷன் செய்து புரையை எடுத்தார்கள். மறுநாள் காலை கட்டை அவிழ்த்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் லுங்கியைத்தான் பார்த்தேன். அப்படி ஒரு நீலம். அடுப்புச் சுடரின் அடியில் தெரியுமே, அது. “இது எப்ப எடுத்த லுங்கி?” என்றேன். “நாலு வருசமா இதத்தான் கட்டிக்கிட்டு உன்கூட வேலைக்கு வந்தேன்” என்றான் ராஜாமணி. என் மனைவி சொல்லியனுப்பி வந்திருக்கிறான். இரண்டு மாதமாகப் பேச்சில்லை.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். லுங்கி டீ வடிகட்டின துணி மாதிரி பழுப்பாக இருந்தது. மாற்றி மூடினேன், நீலம். பத்து முறை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். ஒரே ஆள், ஒரே லுங்கி, என் இரண்டு கண்ணுக்கு நடுவில் முழுசாக ஒரு நிறம் காணாமல் போயிருந்தது. நீலத்தை இருட்டாக்குகிற கறுப்பின் வேலையை இத்தனை நாள் புரையே செய்திருக்கிறது. பிறகு எண்ண ஆரம்பித்தேன். ஏழு மூடிக்குக் குறைத்து நான் கலந்த சுவர் இருபத்து மூன்று. அதில் ராஜாமணி எனக்குத் தெரியாமல் சரி செய்தது ஒன்பது. மீதி பதினாலு. பதினாலு வீட்டில் சனங்கள் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். அவன் குனிந்து தன் துண்டால் என் கன்னத்தை மட்டும் ஒற்றி எடுத்தான்.

“பதினாலுதானே, அடிச்சுக்கலாம். அழுவாத மாப்ள, கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

பதின்மூன்று வீடுகள்

டாக்டர் அனுமதித்ததும் நானும் ராஜாமணியும் கிளம்பினோம். சொல்கிற வார்த்தையை நான் பஸ்ஸிலேயே பாடம் பண்ணிக்கொள்வேன். போய் நின்றதும் மறந்துவிடும், ராஜாமணிதான் சொல்வான். பதின்மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் ஏற்கெனவே வேறு ஆளை வைத்து மேலே வேறு நிறம் அடித்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வீட்டில் சுவரை மறைத்துப் பெரிய பீரோவை நிறுத்திவிட்டார்கள், இனி நகர்த்த முடியாது என்றார்கள். வாழப்பாடி வாத்தியார் வீட்டில் பழகிவிட்டதாகச் சொன்னார்கள், அந்த அம்மாகூட. மீதி ஒன்பது சுவரை ஏழு மூடி போட்டுத் திரும்ப அடித்தோம். வலது கண்ணால் நான் கலந்தேன், ராஜாமணி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ரோலரை நனைத்தேன்.

அந்தப் பதின்மூன்றில் கடைசி ஜலகண்டாபுரம். சுவர் காய்ந்ததும் சரஸ்வதி அம்மாவிடம், அந்த நூல் கண்டைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள் என்று நானே சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

“அது அப்பவே தறியில ஏறிச் சேலையாகிப் போயிருச்சுங்களே. எந்த ஊர்ல யாரு கட்டியிருக்காங்களோ! இனிமே இதுதான் அந்த நீலம்னு நானும் நம்பிக்கறேன், நீங்களும் நம்பிக்குங்க.”

பதினாலாவது வீடு

மல்லசமுத்திரத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். தள்ளிப்போட்டேன் என்று எழுதுவதே சரி. நல்லசாமி கதவைத் திறந்து எங்களை அந்த அறைக்குள் விட்டார். காலை எட்டு மணி, நல்ல வெயில். மூன்று சுவரும் பொழுது சாய்கிற நேரம் போல அடங்கி நின்றன. கோபாலுக்கு நல்ல கண் இருந்திருக்கிறது. நாலாவது சுவரில் நான் அடித்தது, சந்தையில் தொங்கவிட்டிருக்கும் புதுப் பிளாஸ்டிக் குடம் போலப் பளபளத்தது. நான் விரல் வைத்த மூலையில் கத்தியால் கிழித்த மாதிரி கோடு தெரிந்தது. ராஜாமணி உச்சுக்கொட்ட வாயெடுத்தான், நிறுத்திக்கொண்டான்.

நான் பாடம் பண்ணியிருந்தது நாலு வாக்கியம். கண் கெட்டிருந்தது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரண்டுதான் வெளியே வந்தது. நல்லசாமி, “அன்னைக்கே தெரியுமுங்க. நீங்க மூலையில வெரல வெச்சுக்கிட்டு சிரிச்சீங்க. அப்பிடிச் சிரிக்கற மனுசங்கிட்ட எப்பிடீங்க சொல்றது?” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, இப்போது என்னால் சேர்க்க முடியும், மூன்று நாள் போதும், மற்ற மூன்று சுவரில் கை படாது, ராஜாமணி கூடவே இருந்து பார்ப்பான் என்றேன். நல்லசாமிக்கு முகம் தெளிந்தது. “அப்ப அடிச்சிருங்க. நாலும் ஒண்ணா இருந்தாத்தான் அது அவன் ரூம்பு மாரி இருக்கும்” என்றார். ராஜாமணி வாளியைக் கீழே வைத்தான். டப்பாவைத் திறக்க நான் கத்தியை எடுத்தேன். அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்த பழனியம்மாள் உள்ளே வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்.

“வேண்டாமுங்க சாமி. நான் இப்ப இந்த ரூம்லதான் படுக்கறேன். அந்த மூணு பக்கமும் திரும்ப முடியறதில்லீங்க, அவன் அங்கங்க நிக்கறாப்பலயே இருக்குது. இந்தச் செவுத்துல அவன் இல்லீங்க. இதப் பாத்துத் திரும்பிப் படுத்தாத்தான் எனக்குச் சித்த நேரம் கண்ணு மூடுது. இத மட்டும் மாத்திப்போடாதீங்க.”

வீட்டுக்காரருக்கு எந்த நீலம் வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பெயிண்டரின் கண் போதாது, ஆபரேஷன் செய்த கண்ணும் போதாது.